சுற்றிலும் கொத்திப் பார்க்க ஒரு வருடம்



மண்சரிவில் நாம் இழந்தவர்களின் பெயர்களை இன்று திருப்பலியின் தொடக்கத்தில் வாசித்தோம். அவர்களை நினைத்துத்தான் லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களை நற்செய்தி வாசகமாகத் தேர்ந்தெடுத்தேன். இயேசுவிடம் சிலர் ஒரு கெட்ட செய்தியோடு வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்றுவிட்டான் என்கிறார்கள். அவர்கள் வாய்விட்டுக் கேட்காத கேள்வியும் இயேசுவுக்குக் கேட்கிறது. செத்தவர்கள் அப்படி என்ன பாவம் செய்தார்கள்? அப்போது இயேசு தாமாகவே இன்னொரு சாவையும் எடுத்துப் போடுகிறார். எருசலேமில் சீலோவாம் பக்கத்தில் ஒரு கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அந்த நகரத்தில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகளா என்று கேட்டுவிட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிடுகிறார்.

இந்த "இல்லை" இன்று நமக்கு மிகவும் தேவை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலையே இறங்கி வந்தது. அதற்குப் பிறகு செத்த வீடுகளிலும் தேத்தண்ணிக் கடைகளிலும் சில பேச்சுகள் என் காதில் விழுந்தன. அந்த லயத்து ஆட்கள் செய்த வினை என்றார்கள். திருவிழாவைச் சரியாக நடத்தவில்லை, அதனால்தான் என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இதைப் பேசினார்கள். பிரியமானவர்களே, ஆண்டவர் அந்தப் பேச்சை இரண்டு தரம் மறுத்திருக்கிறார், கலிலேயருக்காக ஒரு தரம், சீலோவாமில் செத்தவர்களுக்காக ஒரு தரம். அவர் மறுத்ததை நாம் திரும்பப் பேசக்கூடாது. யாருடைய கணக்கையும் தீர்ப்பதற்காகக் கடவுள் அந்த மழையை அனுப்பவில்லை.

ஆனால் இல்லை என்ற அதே மூச்சில் ஆண்டவர் சொல்வது நம்மைத் திகைக்க வைக்கிறது. மனம் மாறாவிட்டால் நீங்களும் அப்படியே அழிவீர்கள் என்று எச்சரிக்கிறார். இறந்தவர்களின் பாவம் காரணமில்லை என்றால் இருக்கிறவர்கள் ஏன் மாற வேண்டும்? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். கோபுரம் சும்மா விழாது. அதற்கு ஓர் அத்திவாரம் இருந்திருக்கும், கட்டினவர்கள் இருந்திருப்பார்கள், தினமும் அதன் நிழலில் நடந்தவர்கள் இருந்திருப்பார்கள். இதெல்லாம் வேதத்தில் எழுதியிருக்கவில்லை. ஆனால் "அவன் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன் இதில் ஒன்றையும் கேட்க மாட்டான். பழியை ஒருவர் தலையில் போட்டவுடன் தேடுவது நின்றுவிடுகிறது. நிம்மதியாக வீட்டுக்குப் போய், நேற்று இருந்தது போலவே இன்னொரு கோபுரத்தின் அடியில் படுத்துக்கொள்வான். ஆண்டவர் மாறச் சொல்வது இந்தப் பார்வையைத்தான் என்று நான் நம்புகிறேன். அதனால்தான் மூச்சு விடாமல் அத்திமரத்தின் கதையைத் தொடங்குகிறார்.

திராட்சைத் தோட்டத்துக்குள் ஓர் அத்திமரம். தோட்டத்துச் சொந்தக்காரர் வந்து பார்க்கிறார். மூன்று வருடமாகக் காய் இல்லை. வெட்டிவிடு, இடத்தை ஏன் அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்கிறார். அவருக்குப் பதில் சொல்கிறவர் ஒரு தோட்டத் தொழிலாளி. வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர்களில் இவர் ஒருவர். முதலாளி சொன்ன கணக்கை இவர் மறுக்கவில்லை. மூன்று வருடமாகக் காய் இல்லை என்பது உண்மைதான். மரத்துக்காகக் கண்ணீரும் விடவில்லை. இந்த வருடம் மட்டும் விட்டுவையுங்கள், சுற்றிலும் கொத்தி எருப் போடுகிறேன் என்று கேட்கிறார். முதலாளியின் கண் கிளையில் இருக்கிறது. தொழிலாளியின் கண் மண்ணில் இருக்கிறது. மண் இறுகிக் கிடக்கிறதா, தண்ணீர் இறங்குகிறதா, வேருக்குச் சாப்பாடு இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். அதோடு, இன்னொருவரைக் கைகாட்டாமல் தன் உழைப்பையும் அந்த மரத்தடியில் சேர்க்கிறார்.

நாமும் நம் மலையைச் சுற்றிலும் கொஞ்சம் கொத்திப் பார்ப்போம்.

இந்தச் சரிவுகள் ஒரு காலத்தில் காடாக இருந்தவை. காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள். 1869இல் காப்பி இலையில் நோய் கண்டது. இருபது வருடத்துக்குள் காப்பி முடிந்துபோனது. அந்த இடத்தில் தேயிலையை வைத்தார்கள், மறுபடியும் மலை முழுக்க ஒரே பயிர். காப்பிக் காலத்தில் நம் முப்பாட்டன்மார் இந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, அங்கிருந்து இந்த மலைகளுக்கு ஏறினார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கல்லறைகூடக் கிடையாது. மலையில் தங்குவதற்கு வரிசை வீடுகளாக லயம் கட்டினார்கள். அதை எங்கே கட்டலாம் என்று அதில் குடியிருக்கப் போகிறவர்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஆனால் தேயிலை வைத்தவர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. மலையின் குறுக்கே கான் வெட்டினார்கள். குறுக்குக் கானில் விழுந்த தண்ணீர் மெதுவாக நடந்து பெரிய கானுக்குப் போகும், பெரிய கான் அதைக் கீழே ஓடைக்குக் கொண்டுபோகும். கானுக்குள்ளே இடையிடையே குழி இருக்கும். அடித்து வரும் மண் அந்தக் குழியில் தங்கும். அதை அள்ளித் திரும்பவும் தேயிலைத் தூரில் போட வேண்டும். இங்கே முன்வரிசையில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. கான் வேலைக்கென்றே மண்வெட்டியோடு ஆண்கள் போன காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குத் தனியாகப் பேர் போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள்.

கணக்குப் புத்தகத்தோடு உட்காரும் ஒருவருக்குச் செலவு குறைக்க அகப்படும் முதல் வேலை அதுதான். இந்த வருடம் கானை வெட்டாமல் விட்டால் இந்த வருடக் கொழுந்து குறையாது. அடுத்த வருடமும் குறையாது. கானில் மண் நிரம்பும், புல் முளைக்கும், ஓட வேண்டிய தண்ணீர் நின்று, மலைக்குள் இறங்கும். மலை ஒன்றும் சொல்லாமல் குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஓர் இரவு, அடை மழையில், லயத்துக்கு மேலே நிலம் கழன்றுவிடும். மறுநாள் எல்லாரும் மழையைக் குற்றம் சொல்வார்கள். மழை கடைசியாக வந்த ஆள். அதற்கு முன்னால் பல வருடமாகப் பலர் எடுத்த சின்னச் சின்ன முடிவுகள் அந்தச் சரிவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

பெயர்ந்த மண் இங்கேயே நிற்பதும் இல்லை. குருந்து ஓயாவும் உமா ஓயாவும் அதை மகாவலியில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் உமா ஓயா கொண்டுவந்து கொட்டிய மண் மேடாகிக் கிடக்கிறது. மேலே அடைபட்ட கானுக்கும் கீழே எங்கோ வயலுக்குத் தண்ணீர் பார்த்து நிற்கும் விவசாயிக்கும் தொடர்பு இருக்கிறது. அவருக்கு நம் முகம் தெரியாது, நமக்கும் அவர் முகம் தெரியாது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 12ஆம் அதிகாரத்தில், ஓர் உறுப்பு நோகும்போது எல்லா உறுப்புகளும் நோகும் என்று உடலை வைத்துச் சொல்கிறார். இந்த மலையையும் ஆற்றையும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அதிகாரம்தான் நினைவுக்கு வருகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே மாதம் எழுதிய லவுதாத்தோ சீ திருமடலிலும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மண்ணுக்கு வரும் காயமும் ஏழைக்கு வரும் காயமும் ஒரே காயம் என்பது அந்த மடலின் உயிர்.

இதைப் பார்க்காமல் எடுக்கும் முடிவு நல்ல எண்ணத்தில் எடுத்ததாக இருந்தாலும் என்ன செய்யும் என்பதை 2021இல் நம் அடுப்படியிலேயே கண்டோம். அந்த வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. மண்ணைக் காக்க வேண்டும், நஞ்சில்லாத சாப்பாடு வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நூறு வருடத்துக்கும் மேலாக ஒரே பயிர் நிற்கும் மண்ணை ஒரு பருவத்தில் மாற்றிவிட முடியுமா என்று மண்ணில் கை வைக்கிறவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அத்திமரத்துத் தொழிலாளி எரு மட்டும் போதும் என்று சொல்லவில்லை. கொத்துகிறேன், எருப் போடுகிறேன், ஒரு வருடம் தாருங்கள் என்றார். நவம்பருக்குள் தடையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கிவிட்டது.

அந்த 5 கோடி கிலோவைத் துறைமுகத்தில் ஏற்றுமதிக் கணக்காகப் பார்த்தார்கள். இங்கே அது வேறு விதமாக வந்தது. 2021இல்தான் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. பல தோட்டங்களில் எடுக்க வேண்டிய கிலோவும் சேர்ந்து கூடியது. செடியில் கொழுந்து இல்லை, கேட்ட கிலோ வரவில்லை, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தது. அரைப்பேர் விழுந்த வீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும் காசும் குறைந்தது. பிள்ளையின் டியூஷன் நின்றது. மூத்தவன் பள்ளிக்கூடத்தை விட்டுக் கொழும்புக் கடைக்குப் போனான். அந்தப் பையன் ஏன் படிப்பை விட்டான் என்று கேட்டால், படிப்பில் அக்கறை இல்லாதவன் என்று சொல்லிவிடுவார்கள். கலிலேயரின் சாவைச் சொல்ல இயேசுவிடம் வந்தவர்களும் இப்படித்தான் நினைத்தார்கள்.

நம்முடைய சனத்தைப் பற்றிய முடிவுகள் வெகு காலமாக இப்படித்தான் நடந்திருக்கின்றன. 1948இல் ஒரு சட்டம் வந்தது, நாடற்றவர்கள் ஆனோம். 1964 ஒக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று பிரித்தார்கள். எண்ணிக்கை சரியாக வந்தது. ஆனால் அந்த எண்ணிக்கைக்குள் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் போனார்கள். கட்டிக்கொடுத்த மகள் இங்கே நிற்க, தாய் கப்பல் ஏறினாள். தலைமன்னார் இறங்குதுறையில் அழுத அழுகையை இந்த ஆலயத்தில் இருக்கிற சில பாட்டிமார் இன்னும் மறக்கவில்லை. மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. மனிதரை எண்ணத் தெரிந்தவர்களுக்கு மனிதரை இணைத்திருப்பது எது என்று தெரியாமல் போனது. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். இந்தக் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

இப்போது நம்முன் இருக்கும் முடிவுக்கு வருகிறேன். போவதா, இருப்பதா?

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தாய் தன் காம்பராவின் குசினிச் சுவரை எனக்குக் காட்டினார். மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. வெடிப்பின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு கிழித்து, ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் திகதி போட்டிருந்தது. மகள் போட்டது என்றார். "மழைக்கு முந்தி இதுல நெருப்புக்குச்சி நுழையாது சாமி. இப்ப வெரல் போகுது." அந்தப் பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மாமியார் படுத்த படுக்கை. புருஷன் கொழும்பில். வேறு தோட்டத்துக்குப் போனால் இங்கே பேர் போய்விடும். போன தடவை முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தபோது வீட்டில் இருந்த சாமான்கள் இல்லை. "போங்க போங்கன்னு எல்லாரும் சொல்றாங்க சாமி. எங்க போறதுன்னு ஒருத்தரும் சொல்லலியே."

இந்தத் தாயைப் பிடிவாதக்காரி என்று சொல்வது மிகச் சுலபம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் அப்படித்தான் சொன்னார்கள். 2005லும் 2011லும் எச்சரித்தோம், சனங்கள் கேட்கவில்லை என்றார்கள். எச்சரித்தது உண்மைதான். ஆனால் எச்சரிக்கையோடு ஒரு துண்டு நிலமும், அதில் ஒரு கூரையும், பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமும், விடிந்தால் போக ஒரு வேலையும் சேர்ந்து வரவில்லை. 2007 சனவரியில் நம் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் போனதே, அதற்குப் பிறகாவது நமக்கு விளங்கியிருக்க வேண்டாமா?

மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் ஒருவர் பாறைமேல் வீடு கட்டினார், இன்னொருவர் மணல்மேல் கட்டினார் என்று ஆண்டவர் சொல்கிறார். இரண்டு பேருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. நம் மக்களில் பெரும்பாலானவர்களுக்கு அந்த உரிமை இன்னும் கிடைக்கவில்லை. காணி அரசாங்கத்தினுடையது, 1992 முதல் அதை நடத்துவது கம்பனிகள். ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு என்று தொடங்கிய திட்டங்கள் நல்லவை. ஆனால் லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு முன்னால் அவை இன்னும் சொற்பம்தான். ஆகவே பாறைமேல் கட்டுங்கள் என்று உங்களுக்குப் பிரசங்கம் செய்வதற்கு முன்னால், பாறையுள்ள நிலத்தைக் கொடுங்கள் என்று கொடுக்க வேண்டியவர்களிடம் திருச்சபை கேட்க வேண்டும். கேட்கிறோம், இன்னும் உரக்கக் கேட்போம்.

அதே நேரம் நம் கையில் இருப்பதையும் சொல்லாமல் விட முடியாது. அத்திமரத்துத் தொழிலாளி முதலாளியிடம் கேட்டதோடு நிற்கவில்லை, கொத்துகிறேன் என்றும் சொன்னார். குசினியைப் பெரிதாக்க வேண்டும் என்று லயத்துக்குப் பின்னால் மண்மேட்டை வெட்டி எடுக்கிறோம். மலையின் காலையே வெட்டுவது அது. லயத்துக்கு மேலே சரிவில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட நீளவாக்கில் பாத்தி பிடிக்கிறோம், தண்ணீர் அதில் நேராக இறங்கி மண்ணையும் கொண்டுபோகிறது. பிளாஸ்டிக் போத்தலையும் லன்ச் சீற்றையும் கானில் போடுகிறோம், அது போய் மதகை அடைக்கிறது. தோட்டத்துக் கானின் தண்ணீர் கீழே சிங்களக் கிராமத்து வயல்களுக்குள்தான் போகிறது. அவர்களுடைய பாட்டன்மாரும் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தால் இந்த மலைகளை இழந்தவர்கள். அவர்களும் நாமும் ஒரே சரிவில் மேலும் கீழுமாகக் குடியிருக்கிறோம், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசுவது குறைவு. 1972இல் கண்டியில் சத்தியோதய நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ், தோட்டத்து மக்களையும் கிராமத்து மக்களையும் ஒரே பாயில் உட்கார வைப்பதற்கு வாழ்நாளைக் கொடுத்தார். அந்த வேலை முடியவில்லை, நம்மிடம்தான் விட்டுப் போயிருக்கிறார்.

இன்னொருவரும் நமக்கு முன்னால் நடந்திருக்கிறார். 1697இல் கண்டியில் அம்மை பரவியபோது நோயாளிகளைக் காட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள். புனித யோசேப் வாஸ் அவர்களைத் தேடிப் போனார். கோவாவிலிருந்து வந்த அந்தக் குரு இந்த நாட்டுக்காகத் தமிழும் சிங்களமும் கற்றவர். இது யாருடைய பாவம் என்று அவர் விசாரித்ததாக எங்கும் இல்லை. தண்ணீர் கொடுத்தார், கழுவினார், செத்தவர்களைப் புதைத்தார். அடுத்தவர் துன்பத்தில் காரணம் தேடுகிறவர்கள் முதலில் கையில் தண்ணீரோடு போக வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து கற்றேன்.

வீட்டுக்குள் எடுக்கும் முடிவுகளையும் இப்படியே பாருங்கள் என்று உங்களைக் கேட்கிறேன். அம்மா குவைத்துக்குப் போவதா, மகன் படிப்பை விட்டுக் கொழும்புக்குப் போவதா, மகளை இந்த வருடமே கட்டிக்கொடுப்பதா என்று என்னிடம் வந்து கேட்பவர்கள் உண்டு. போகாதே என்று நான் யாரையும் தடுத்ததில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும் வீட்டுக்குக் குருவானவர் உபதேசம் செய்வது சுலபம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், இந்த முடிவின் பாரம் யார் தோளில் இறங்கும் என்று வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். அம்மா போனால் விடியற்காலையில் அடுப்பைப் பற்றவைப்பது யார்? பத்து வயது மகளா? பாட்டியின் மருந்துக்கு ஆஸ்பத்திரிக்கு யார் போவது? அப்பா தனியாக இருக்கும் மாலைகளில் என்ன நடக்கும்? பேசாமல் விட்ட விடயம்தான் இரண்டு வருடம் கழித்துக் கண்ணீராக வருகிறது. கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டாரா என்று லூக்கா 14இல் ஆண்டவர் கேட்கிறார். அந்தக் கணக்கில் காசு மட்டும் இல்லை. சிறுபிள்ளைகளையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள். பென்சிலால் கோடு போட்ட பிள்ளையைப் போல, பெரியவர்கள் பார்க்காததை அவர்கள் பார்த்திருப்பார்கள்.

அத்திமரம் பிறகு காய்த்ததா என்று ஆண்டவர் சொல்லவில்லை. தொழிலாளி ஒரு வருடம் கேட்டார் என்பதோடு கதை நிற்கிறது. நமக்கும் அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன்னால் கொஞ்சக் காலம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு டின்னை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்றால் முதல் அளவு, பத்து என்றால் இரண்டாவது, பதினைந்து என்றால் வீட்டில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் இளைஞனோ யுவதியோ இதற்குப் பொறுப்பெடுக்க வேண்டும். புதிதாக வெடிப்பு கண்டாலும், மரம் சாய்ந்தாலும், இல்லாத இடத்தில் ஊற்று வந்தாலும், இருந்த ஊற்று திடீரென்று நின்றாலும் மழையின் அளவுக்குக் காத்திருக்க வேண்டாம். படுக்கையில் இருக்கும் பெரியவர்களை யார் தூக்குவது என்று இன்றே பெயர் எழுதி வையுங்கள். கொழுந்துப் பேரை விட்டுவிட்டு ஓட வேண்டியிருந்தால் விட்டுவிட்டு ஓடுங்கள். அன்றைய பேருக்காகப் பிறகு நாங்கள் உங்களோடு வந்து நிற்போம்.

வரும் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆலய முற்றத்துக்கு மண்வெட்டியோடு வாருங்கள். மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய கானில் தொடங்குவோம். கானைத் துப்புரவாக வைத்திருப்பது நிர்வாகத்தின் கடமை. அதை நாம் விட்டுக்கொடுக்கவில்லை, எழுத்திலும் கேட்டிருக்கிறோம். ஆனால் பதில் வரும்வரை மழை காத்திருக்காது. கீழே கிராமத்து விகாரையின் தேரரோடு பேசியிருக்கிறேன், அங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத் தேத்தண்ணி வைக்க மாதர் சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். இரவில் நிலம் அசைந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழையுங்கள், அழைத்துவிட்டு விடியும்வரை காத்திருக்காமல் ஆலயத்துக்கு ஏறி வாருங்கள். எந்த மதத்தவராக இருந்தாலும் வரலாம். சாவி உபதேசியார் வீட்டில் இருக்கும்.